ஒரே பாட்டு, மூன்று முறை: மட்டி வாட்டர்ஸ் வழியாக ப்ளூஸ் கேட்பது

ப்ளூஸ் என்றால் என்ன என்று கேட்டால், 'அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டு' என்ற பதில் உடனே வந்து விழும். பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் ப்ளூஸ் பாடியவர்களே சிரித்துவிடுவார்கள். வாரம் முழுக்கப் பருத்திக்காட்டில் முதுகு ஒடிந்தவர்கள், சனிக்கிழமை இரவு காசு கொடுத்துக் கேட்ட பாட்டு அது. காசு கொடுத்து அழ யாரும் வருவதில்லை. ஆட வந்தார்கள், குடிக்க வந்தார்கள், யாரையாவது பார்க்க வந்தார்கள். சொல்லில் துயரம் இருக்கும். தாளத்தில் கால் தரையில் நிற்காது. இரண்டும் ஒரே மூச்சில் நடந்தால் அது ப்ளூஸ்.

இதை இலக்கணமாக மட்டும் விளக்கினால் தலையில் ஏறாது. எனக்கும் ஏறவில்லை. ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தபோதுதான் ஏதோ புரியத் தொடங்கியது. அந்த மனிதர் மட்டி வாட்டர்ஸ் என்ற ப்ளூஸ் பாடகர். இவரைத் தேர்ந்தெடுக்க வசதியான ஒரு காரணம் உண்டு. ஒரே பாட்டை இவர் 1941-இல் ஒரு முறை, 1948-இல் ஒரு முறை, 1976-இல் ஒரு முறை பதிவு செய்திருக்கிறார். முதல் பதிவு மர வீட்டில். இரண்டாவது நகரத்து ஸ்டூடியோவில். மூன்றாவது புகழ் வந்து, போய், திரும்ப வந்த பிறகு. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரு பாட்டு எந்த இடத்தில் யார் காதில் விழுகிறது என்பதைப் பொறுத்து எப்படி உருமாறுகிறது என்பது பாடம் படிக்காமலே விளங்கிவிடும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பெற்றோர் வைத்த பெயர் மக்கின்லி மார்கன்ஃபீல்ட். தாய் இறந்துவிட, பாட்டி வளர்த்தார். ஓடைக்கரைச் சேற்றில் எப்போதும் புரண்டுகொண்டிருந்த பிள்ளையை அவர் 'சேறன்' என்ற பொருளில் மட்டி என்று கூப்பிட்டார். 'வாட்டர்ஸ்' கூட விளையாடிய பிள்ளைகள் ஒட்டவைத்தது. நம் ஊர்க் கழிமுகச் சேற்றில் கிடைக்கும் சிப்பிக்கும் மட்டி என்றுதான் பெயர். வெறும் தற்செயல்தான், ஆனால் எனக்கு அந்தப் பெயர் மறக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

பிறந்த ஆண்டு 1915 என்று அவரே சொல்லிவந்தார். பழைய ஆவணங்களைத் தேடியவர்கள் 1913 என்கிறார்கள். ஏப்ரல் 4 என்பதில் தகராறு இல்லை. பிறந்தது மிசிசிப்பி மாநிலத்தில். வளர்ந்தது அதே மாநிலத்தில் கிளார்க்ஸ்டேல் ஊரை அடுத்த ஸ்டோவால் பருத்திப் பண்ணையில். இந்தப் பகுதிக்கு டெல்டா என்று பெயர். டெல்டா என்றதும் ஆறு கடலில் கலக்கும் இடம் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. மிசிசிப்பி, யாஸூ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே தட்டையாகக் கிடக்கும் வண்டல் பூமி. கடல் வெகு தொலைவில் இருக்கிறது. பருத்திக்கு இதைவிட நல்ல மண் கிடையாது என்பார்கள். மண்ணின் செழிப்பு அதில் உழைத்தவர்கள் வீட்டுக்குள் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு அந்த ஊர்ச் சாகுபடி முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. நிலம் பழைய எசமானர்களிடமே இருந்தது. விடுதலை பெற்றவர்கள் அதே நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தார்கள். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. மீதிப் பாதி உழைத்தவருக்கு என்று பேச்சு. ஆனால் விதை, மாவு, துணி, மருந்து எல்லாம் பண்ணைக் கடையில் கடனுக்கு வாங்கியாக வேண்டும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்ப்பவர் நிலக்காரர். நோட்டுப் புத்தகமும் அவருடையது, பேனாவும் அவருடையது. பல குடும்பங்களுக்கு ஆண்டு முழுதும் உழைத்த பின் பாக்கி மட்டுமே மிஞ்சியது. அதன்மேல் தனிப் பள்ளிக்கூடம், தனி வாசல், தனிக் குடிநீர்க்குழாய் என்று நிறம் பார்த்துப் பிரிக்கும் சட்டங்கள். வாக்களிக்கப் போனால் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது.

இந்த மண்ணில்தான் ப்ளூஸ் உருவானது. வயலில் ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் பதில் குரல் கொடுத்த வேலைப்பாட்டு, தேவாலயப் பாட்டு, வீதிக் கதைப்பாட்டு எல்லாம் கலந்து 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த வடிவம் திரண்டது. இன்ன நாளில் இன்னார் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. டபிள்யூ.சி. ஹேண்டி என்ற இசைக்குழுத் தலைவர், டட்வைலர் என்ற சின்ன ரயில் நிலையத்தில் தூங்கிக்கொண்டிருந்ததையும், பக்கத்தில் ஒரு ஏழை மனிதர் கிட்டார் தந்திகளின்மேல் கத்தியை வைத்து இழைத்து, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடியதைக் கேட்டுக் கண்விழித்ததையும் பின்னாளில் எழுதியிருக்கிறார். அது 1903-ஐ ஒட்டி நடந்தது. அந்த ஏழையின் பெயர் ஹேண்டிக்குத் தெரியாது.

ஹேண்டி கேட்ட அந்த இரண்டு விஷயங்களையும் பிடித்துக்கொண்டால் ப்ளூஸின் அடிப்படை கைக்கு வந்துவிடும்.

முதலாவது, வரியைத் திரும்பச் சொல்வது. ப்ளூஸ் பாட்டின் ஒரு கண்ணியில் பொதுவாக மூன்று அடிகள். முதல் அடியைப் பாடுவார்கள். அதையே இரண்டாம் முறையும் பாடுவார்கள். மூன்றாம் அடியில் முடிச்சு விழும். தமிழில் நானே ஒன்று கட்டிப் பார்க்கிறேன், வடிவம் தெரிவதற்காக மட்டும்:

ஆறு பெருகி வந்து என் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டது,
ஆமாம், ஆறு பெருகி வந்து என் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டது,
போனவள் திரும்புவாள் என்று கதவைத் திறந்துவைத்தது என் தப்பு.

முதல் அடியை இரண்டு தடவை சொல்வது வெறும் இட்டு நிரப்பல் அல்ல. பாடுபவர் மூன்றாம் அடியை யோசிக்க நேரம் கிடைக்கிறது, கேட்பவர்களுக்கு 'அப்புறம்?' என்ற ஆவல் ஏறுகிறது. ஒவ்வொரு அடியும் நான்கு பார் நீளம். பார் என்றால் நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளச் சுற்று. மூன்று அடிக்குப் பன்னிரண்டு பார். 'பன்னிரண்டு பார் ப்ளூஸ்' என்று கிட்டார் கற்பவர்கள் சொல்வது இதைத்தான். முதல் அடி ஆதார ஸ்வரமான ச-வில் நிற்கும். இரண்டாம் அடி ம-வுக்குப் போய்த் திரும்பும். மூன்றாம் அடி ப-வைத் தொட்டு இறங்கி வீடு சேரும். அந்தந்த ஸ்வரத்தின் மேல் கட்டிய மூன்று ஸ்வரக்கூட்டுகள் போதும். நாலாவது தேவையில்லை. இன்னொன்று: பாடகரின் வரி நான்கு பாரையும் நிரப்பாது. பாதியில் நின்றுவிடும். மீதி இடத்தில் கிட்டார் பதில் சொல்லும். வயலில் கேட்ட அழைப்பும் பதிலும் இப்போது ஒரே ஆளின் தொண்டையிலும் விரலிலும் நடக்கிறது.

இரண்டாவது, அந்தக் கத்தி. தந்தியை விரலால் அழுத்தினால் ஸ்வரம் கட்டம் கட்டமாகத்தான் ஏறும். கத்தியோ, புட்டிக் கழுத்தோ, உலோகக் குழலோ வைத்து இழைத்தால் கட்டங்களுக்கு நடுவிலும் நிற்கலாம். கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இந்த இழைப்பு புதிதல்ல. ப்ளூஸ் பாடகர்கள் காந்தாரத்தைப் பிடிக்கும்போது சாதாரண காந்தாரத்திலும் நிற்கமாட்டார்கள், அந்தர காந்தாரத்திலும் நிற்கமாட்டார்கள். இரண்டுக்கும் இடையே ஓர் இடத்தில் அசைந்துகொண்டிருப்பார்கள். 'நீல ஸ்வரம்' என்று சொல்லப்படுவது அதுதான். பியானோவில் அந்த இடம் கிடையாது. பியானோக்காரர்கள் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளை ஒன்றாக அமுக்கிச் சமாளிப்பார்கள்.

இலக்கணம் இவ்வளவுதான். இனி மட்டியிடம் போவோம்.

சிறுவயதில் ஹார்மோனிகா ஊதிக்கொண்டிருந்தவர், 17 வயதில் கிட்டாருக்கு மாறினார். வீட்டில் இருந்த கடைசிக் குதிரையை 15 டாலருக்கு விற்று, பாதியைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, தன் பங்கில் இரண்டரை டாலருக்கு ஒரு பழைய கிட்டாரை வாங்கியதாகச் சொல்லியிருக்கிறார். சன் ஹவுஸ் என்ற மூத்த பாடகரைச் சனிக்கிழமை தோறும் பின்தொடர்ந்து இழைக்கும் வித்தையைக் கற்றார். ராபர்ட் ஜான்சன் என்ற இன்னொரு டெல்டா பாடகரின் இசைத்தட்டுகளைக் கேட்டார். பகலில் டிராக்டர் ஓட்டினார். இரவில் தன் வீட்டையே ஜூக் ஜாயின்ட் ஆக்கினார். கிராமத்துக் கறுப்பின மக்களுக்கு வேறு போக்கிடம் இல்லாத காலத்தில், யாராவது ஒருவர் வீட்டில் விளக்கேற்றி, மீன் பொரித்து, சூதாட்ட மேசை போட்டு, சாராயம் ஊற்றி, ஆட்டத்துக்கு இடம் ஒதுக்கினால் அது ஜூக் ஜாயின்ட். மிசிசிப்பியில் 1966 வரை மதுவிலக்கு. ஆகவே ஊற்றியது கள்ளச்சாராயம். காய்ச்சியவர்களில் மட்டியும் உண்டு.

இதனால்தான் 1941 ஆகஸ்டில் ஒரு வெள்ளைக்காரர் காரில் வந்து 'மட்டி வாட்டர்ஸ் யார்' என்று விசாரித்தபோது, சாராயத்தைப் பிடிக்க வந்த அதிகாரி என்று மட்டி நடுங்கிவிட்டார். வந்தவர் ஆலன் லோமாக்ஸ். வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்துக்கொண்டிருந்தவர். கறுப்பினத்தவரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வொர்க் என்ற இசை அறிஞரும் அந்தக் களப்பணியில் பங்காளி. லோமாக்ஸின் பெயரே பல காலம் முன்னால் நின்று வொர்க்கின் பெயர் பின்னால் தள்ளப்பட்டது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். மட்டியின் சந்தேகம் போனது ஒரு கோப்பைத் தண்ணீரில். மட்டி குடித்த அதே கோப்பையில் லோமாக்ஸும் குடித்தார். மிசிசிப்பியில் ஒரு வெள்ளையர் அப்படிச் செய்து மட்டி பார்த்ததில்லை.

கனத்த பதிவுக் கருவியை வீட்டுக்குள் இறக்கினார்கள். மட்டி பாடினார். அன்று பதிவான பாடல்களில் ஒன்று 'ஐ பீஸ் ட்ரபிள்ட்'. நம் கதையின் பாட்டு இதுதான். மனம் நிம்மதியில்லை, எதிலும் திருப்தியில்லை, அழுகையை அடக்க முடியவில்லை என்பது சாரம். நாளைக்கும் இன்றுபோலவே இருந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடிப்போவேன் என்று ஓரிடத்தில் வருகிறது. ஒரு குரல், ஒரு மரக் கிட்டார். கட்டை விரல் அடித்தந்தியில் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, மேல்தந்தியில் இழைப்பு. முதல்முறை காதொலிப்பான் மாட்டி இதைக் கேட்டபோது என்ன பெரிதாக இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. இரண்டாம் முறை கேட்டபோது, பக்கத்தில் இன்னொருவர் வாசிக்கிறாரோ என்று பார்த்தேன். யாரும் இல்லை.

பதிவைப் போட்டுக்காட்டியதும் மட்டிக்கு ஏற்பட்ட அதிர்ச்சியை அவரே பிறகு விவரித்திருக்கிறார். தன் குரலை அதுவரை அவர் வெளியிலிருந்து கேட்டதே இல்லை. யாரோ ஒரு பெரிய பாடகரைப் போல இருந்ததாம். பின்னர் லோமாக்ஸ் இரண்டு தட்டுகளும் 20 டாலர் காசோலையும் அனுப்பிவைத்தார். மட்டி தட்டை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடை ஜூக்பாக்ஸில், அதாவது காசு போட்டால் தட்டு பாடும் பெட்டியில், போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டார். நம்மாலும் முடியும் என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது.

புறப்பட்டதற்கு உடனடிக் காரணம் இசை அல்ல, கூலி. டிராக்டர் ஓட்ட மணிக்கு 22.5 சென்ட் கொடுத்தார்கள். 25 கேட்டார். மேற்பார்வையாளர் சீறிவிழுந்தார். இரண்டரை சென்ட்! 1943 மே மாதத்தில் ஒரு பெட்டி, ஒரு கோட் சூட், ஒரு கிட்டாருடன் ரயில் ஏறி மட்டி சிகாகோ போய்ச் சேர்ந்தார். பாட்டில் சொன்னபடியே பெட்டியைக் கட்டிவிட்டார் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த ரயிலில் அவர் தனியாக இல்லை. 1910-களிலிருந்து 1970 வரை தெற்கிலிருந்து வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் பெயர்ந்த கறுப்பின மக்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர். அடுத்த ஆண்டே, அதாவது 1944-இல், அதே கிளார்க்ஸ்டேல் பக்கத்துப் பண்ணை ஒன்றில் நட்டது முதல் பறித்தது வரை இயந்திரமே செய்த பருத்தி அறுவடை நடந்தது. ஐம்பது பேர் பறிப்பதை ஓர் இயந்திரம் பறித்தது. இருந்திருந்தாலும் வேலை இருந்திருக்காது.

சிகாகோவில் காகித அட்டைத் தொழிற்சாலையில் வேலை, பிறகு லாரி ஓட்டும் வேலை. இரவில் வாடகை விருந்துகளில் பாட்டு. மாத வாடகை கட்ட முடியாதவர் வீட்டில் ஆட்டம் வைத்து வருபவர்களிடம் காசு வாங்குவது அந்நாளைய வழக்கம். ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த ப்ளூஸ் பாடகர் பிக் பில் ப்ரூன்ஸி இந்த இளைஞருக்குக் கைகொடுத்தார். இதை மட்டி கடைசிவரை மறக்கவில்லை.

ஆனால் மதுக்கடைகளில் பாடத் தொடங்கியதும் ஒரு சிக்கல். கிராமத்து மர வீட்டில் நாற்பது பேருக்குக் கேட்ட கிட்டார் இங்கே எவர் காதிலும் விழவில்லை. கோப்பைச் சத்தம், பேச்சு, சண்டை, வெளியே டிராம். மரக் கிட்டாரை எவ்வளவு அடித்தாலும் அதன் குரல் அவ்வளவுதான். 1944-ஐ ஒட்டி மின் கிட்டார் ஒன்று கைக்கு வந்தது. ஓர் ஆம்ப்ளிஃபையருடன் இணைத்தார். மின் கிட்டாரை ப்ளூஸில் முதலில் பயன்படுத்தியவர் மட்டி அல்லர். டி-போன் வாக்கர் போன்றவர்கள் முந்திவிட்டார்கள். ஆனால் வாக்கரின் கை நாசூக்கானது. மட்டி டெல்டாவின் கரடுமுரடான இழைப்பை அப்படியே மின்சாரத்துக்குள் தள்ளினார். சின்ன ஆம்ப்ளிஃபையர் தாங்காமல் உறுமியது. அந்த உறுமலைக் குறை என்று அவர் திருத்தவில்லை.

இசை வரலாறுகளில் மின்சார ப்ளூஸின் பிறப்பைக் கலைஞரின் உள்ளுணர்வாக எழுதுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. அறை பெரிதானது, ஜனம் சத்தம் போட்டது, பாட்டு கேட்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான் தொடக்கம்.

செஸ் சகோதரர்கள் இங்கே வருகிறார்கள். லெனர்ட், ஃபில் என்ற இருவரும் போலந்திலிருந்து சிறுவயதில் வந்து குடியேறிய யூதர்கள். சிகாகோவின் தெற்குப் பகுதியில் மதுக்கடை நடத்தினார்கள். கடையில் பாடுபவர்களுக்கு மவுசு இருப்பதைப் பார்த்து அரிஸ்டோக்ராட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் பங்கு சேர்ந்தார்கள். 1950-இல் அதுவே செஸ் ரெக்கார்ட்ஸ் ஆனது. 1948-இல் மட்டி அவர்களுக்காக இரண்டு பாட்டுப் பாடினார். கூட பிக் கிராஃபோர்டின் பெரிய பாஸ் வாத்தியம் மட்டும். இரண்டுமே 1941-இல் லோமாக்ஸுக்குப் பாடியவற்றின் மறுவடிவம். 'ஐ பீஸ் ட்ரபிள்ட்' இப்போது 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்' ஆகியிருந்தது. லெனர்டுக்குப் பாட்டும் புரியவில்லை, உச்சரிப்பும் புரியவில்லை. இதை யார் வாங்குவார்கள் என்று குழம்பினார். வாங்கினார்கள். முதல் அச்சு ஏறக்குறைய ஒரே நாளில் தீர்ந்தது. 79 சென்ட் தட்டைக் கடைக்காரர்கள் 1.10 டாலருக்கு விற்றார்கள். ஆளுக்கு ஒன்றுதான் என்றும் கட்டுப்பாடு வைத்தார்கள். பாடியவரே போய் 'இது என் தட்டு' என்று சொல்லியும் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

இப்போது இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் வையுங்கள். மெட்டு அதே. மனம் நிம்மதியில்லை என்ற பல்லவி அதே. ஆனால் கிட்டாரின் ஒவ்வொரு இழைப்பும் இப்போது கம்பிக் கூர்மையுடன் வந்து தைக்கிறது. இன்னொரு மாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை. 1941-இல் பெட்டி கட்டிக்கொண்டு ஓடுவேன் என்றவர், 1948-இல் தெற்கே திரும்பிப் போகிறேன், நீயும் வருகிறாயா என்கிறார். திசை மாறிவிட்டது. தட்டின் மறுபக்கப் பாட்டின் பெயரே வீட்டுக்குப் போக வேண்டும் போலிருக்கிறது என்ற பொருளில். மட்டி திரும்பிப் போகவில்லை. போகும் எண்ணமும் இருந்ததாகத் தெரியவில்லை. வாங்கியவர்கள் யார் என்று பாருங்கள்: அவரைப் போலவே ரயிலில் வந்து இறைச்சிக் கூடங்களிலும் எஃகு ஆலைகளிலும் வேலை செய்தவர்கள். கூலி பரவாயில்லை, குளிர் தாங்கவில்லை, ஊர் நினைவு விடவில்லை. அடித்துத் துரத்திய ஊரை நினைத்து ஏங்குவது எப்படி என்று கேட்கலாம். ஊர் என்பது மேற்பார்வையாளர் மட்டும் அல்லவே.

அடுத்த ஆறேழு ஆண்டுகள் அவருடைய பொற்காலம். ஹார்மோனிகாவில் லிட்டில் வால்டர், இரண்டாம் கிட்டாரில் ஜிம்மி ராஜர்ஸ், பிறகு பியானோவில் ஓடிஸ் ஸ்பான். இந்தக் குழு போட்டிக் குழுக்கள் வாசிக்கும் கடைகளில் புகுந்து, இடைவேளையில் மேடையேறி அவர்களை வாயடைக்கச் செய்வதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தது. 'தலை வேட்டைக்காரர்கள்' என்ற பட்டப்பெயரும் கிடைத்தது. லிட்டில் வால்டர் மலிவான மைக்கையும் ஹார்மோனிகாவையும் சேர்த்துக் கைக்குள் பொத்தி ஊதினார். உள்ளங்கையளவு வாத்தியத்திலிருந்து சாக்ஸஃபோன் போல ஒலி கிளம்பியது. 1952-இல் அவர் தனியாக வெளியிட்ட தட்டு கறுப்பின மக்களுக்கான இசைச் சந்தைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. உடனே குழுவைவிட்டு விலகிவிட்டார். இத்தனைக்கும் தொடக்கத்தில் இந்தக் குழுவை ஸ்டூடியோவுக்குள் விட லெனர்ட் தயங்கினார். இரண்டு பேர் வாசித்த தட்டு விற்றது, அதை ஏன் கலைக்க வேண்டும் என்பது வியாபாரி மனம். 1951-இல் ஒரு பாட்டுக்கு டிரம்ஸ்காரர் வாசித்தது பிடிக்காமல், லெனர்டே உட்கார்ந்து பெரிய டிரம்மை உதைத்த பதிவும் இருக்கிறது. கேட்டால் தெரியும். தம் தம் என்று வஞ்சனையில்லாமல் உதைத்திருக்கிறார்.

1954-இல் வில்லி டிக்சன் ஒரு பாட்டு கொண்டுவந்தார். குத்துச்சண்டையில் மாநிலப் பட்டம் வென்ற பெரிய உருவம். பாஸ் வாசிப்பார், பாட்டு எழுதுவார். மட்டி வாசித்துக்கொண்டிருந்த கடையின் கழிப்பறைக்குள் வைத்து, இடைவேளையில் அவருக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுத்ததாக டிக்சன் கூறியிருக்கிறார். அன்றே மேடையில் அரங்கேறியது. 'ஹூச்சி கூச்சி மேன்'. இதில் பன்னிரண்டு பார் கணக்கு இல்லை, பதினாறு. குழு முழுவதும் சில ஸ்வரங்களை ஓங்கி அடித்துவிட்டு நிற்கும், அந்த மௌனத்தில் பாடகர் ஒரு வரி சொல்வார், மறுபடி அடி. முன்பு கிட்டார் சொன்ன பதிலை இப்போது ஒரு பட்டாளமே சொல்கிறது. சந்தைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. அவருடைய தட்டுகளில் அதிகம் விற்றது இதுவே. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: 1950-இல் வந்த 'ரோலிங் ஸ்டோன்' பாட்டில் ஸ்வரக்கூட்டு மாறவே மாறாது, ஒன்றிலேயே நிற்கும். முன்னால் நான் சொன்ன மூன்று கூட்டு இலக்கணத்தை அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

1955-இல் செயின்ட் லூயிஸிலிருந்து வந்த ஓர் இளைஞர், எங்கே போய்ப் பதிவு செய்யலாம் என்று மட்டியிடம் கேட்டார். லெனர்ட் செஸ்ஸைப் போய்ப் பார் என்றார் மட்டி. இளைஞர் பெயர் சக் பெர்ரி. அவரும் மற்றவர்களும் கொண்டுவந்த ராக் அண்ட் ரோல் அலையில் மட்டியின் விற்பனை சரிந்தது. இளம் கறுப்பின ரசிகர்களுக்கு ப்ளூஸ் இப்போது அப்பா காலத்துப் பாட்டு, பண்ணை நினைவூட்டும் பாட்டு.

கேட்பவர்கள் மாறினார்கள். அங்கே நடந்தது நல்ல வேடிக்கை. 1958-இல் மட்டியும் ஓடிஸ் ஸ்பானும் இங்கிலாந்து போனார்கள். அங்கே ப்ளூஸ் என்றால் மரக் கிட்டாருடன் நாற்காலியில் அமர்ந்து பாடும் பழைய கிராமத்தார் என்று எண்ணியிருந்தார்கள். மட்டி ஆம்ப்ளிஃபையரைத் திருகினார். அலறும் கிட்டார், ஊளையிடும் பியானோ என்ற பொருளில் பத்திரிகைத் தலைப்பு வந்தது. பாடம் கற்றுக்கொண்ட மட்டி 1963-இல் மறுபடி போனபோது மரக் கிட்டாரை எடுத்துப்போனார். இடைப்பட்ட ஐந்து ஆண்டில் அங்கே இளைஞர்கள் அவருடைய மின்சாரத் தட்டுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டிருந்தார்கள். மின் கிட்டார் எங்கே என்று கேட்டார்கள்.

அந்த இளைஞர்களில் சிலர் 1962-இல் தங்கள் குழுவுக்கு அவர் பாட்டிலிருந்தே ரோலிங் ஸ்டோன்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1964-இல் சிகாகோ வந்து செஸ் ஸ்டூடியோவிலேயே பதிவு செய்தார்கள். அன்று மட்டி அங்கே ஏணியில் ஏறி வெள்ளையடித்துக்கொண்டிருந்தார் என்று அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் ஒரு கதை சொல்வார். லெனர்டின் மகன் மார்ஷல் செஸ் அதை மறுத்திருக்கிறார். எனக்கும் நம்பிக்கையில்லை. மட்டி மிடுக்கான உடையும் வாரிய தலையுமாக இல்லாமல் வெளியே தலைகாட்டும் ஆள் அல்லர். சம்பளம் சரியாகக் கிடைக்காத கலைஞர் என்ற உண்மைக்கு அந்தக் கதை நல்ல உவமையாக இருப்பதால் நிலைத்துவிட்டது போலும். உண்மை வேறு விதமாக வெளியே வந்தது. செஸ் குடும்பத்தாருக்குப் பங்கிருந்த ஆர்க் மியூசிக் என்ற பதிப்புரிமை நிறுவனத்தின்மீது 1976-இல் மட்டியும் டிக்சனும் வழக்குத் தொடுத்தார்கள். சமரசத்தில் முடிந்தது.

இடையில் 1968-இல் ஒரு விபரீதம். அன்றைய ராக் பாணியில் ஒலி மாற்றும் கருவிகளையெல்லாம் பூட்டி மட்டியைப் பாடவைத்து ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார்கள். நன்றாக விற்றது. மட்டிக்குத் துளியும் பிடிக்கவில்லை. மேடையில் தன் குழுவோடு வாசிக்க முடியாத ஒன்றைத் தட்டில் போட்டு என்ன பயன் என்பது அவர் வாதம். மின்சாரத்தை உள்ளே கொண்டுவந்தவரே மின்சாரம் போதும் என்கிறார் என்று சிலர் கேலி செய்தார்கள். அது சரியான கேலி அல்ல. 1944-இல் அவருக்குத் தேவை இருந்தது. இதில் யாருக்கோ சந்தை இருந்தது.

1969-இல் நடந்த கார் விபத்தில் மூவர் இறந்தார்கள். மட்டிக்கு இடுப்பும் விலாவும் முறிந்தன. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பாடும் பழக்கம் வந்தது. அதே ஆண்டு செஸ் நிறுவனம் கைமாறியது, லெனர்டும் காலமானார். 1970-களில் மட்டி சிகாகோவை விட்டு வெஸ்ட்மான்ட் என்ற அமைதியான புறநகருக்குக் குடிபோனார். தோட்டம் போட்டார்.

மூன்றாம் பதிவு இந்தக் காலத்தில்தான். 1976 அக்டோபரில் கனெக்டிகட் மாநிலத்து ஸ்டூடியோ ஒன்றில், ஜானி வின்டர் என்ற டெக்சாஸ் கிட்டார் கலைஞர் அவருக்காக ஒரு தொகுப்பைத் தயாரித்தார். மூன்று நாளில் வேலை முடிந்தது. அடுத்த ஆண்டு 'ஹார்ட் அகெய்ன்' என்று வெளிவந்து கிராமி விருது பெற்றது. மட்டி வாழ்நாளில் வாங்கிய ஆறு கிராமிகளில் மூன்று, வின்டர் தயாரித்தவற்றுக்குக் கிடைத்தவை. ஆட்கள் ஒரே அறையில் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். பாட்டின் நடுவே யாராவது உற்சாகத்தில் கத்துவதும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. தொகுப்பு முழுக்கக் கனத்த மின்சார வாசிப்பு. நடுவில் ஒரு பாட்டுக்கு மட்டும் எல்லாம் அடங்கிவிடுகிறது: 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்'. உலோக உடல் கொண்ட, மின்சாரம் தேவைப்படாத பழைய வகைக் கிட்டார். இழைப்பவர் வின்டர், முப்பது வயதைச் சற்றுத் தாண்டியவர். மட்டி விரலை அசைக்கவில்லை, பாடுகிறார்.

1941-இன் குரல் இளைத்தது, அவசரப்படுவது. 1948-இன் குரல் நெஞ்சை நிமிர்த்துவது. இந்தக் குரல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொல்கிறது, நிம்மதியில்லை என்பதை ஏறக்குறைய ரசித்து. கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு என் ஆலோசனை, காலவரிசையில் போகாதீர்கள். முதலில் 1948, பிறகு 1941, கடைசியில் இது. நடுவில் வேறு எதையும் போடாதீர்கள். மூன்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் போலத்தான் ஆகும்.

மட்டி 1983 ஏப்ரல் 30 அன்று வெஸ்ட்மான்ட் வீட்டில் தூக்கத்திலேயே இறந்தார். ஸ்டோவால் பண்ணையில் லோமாக்ஸ் வந்து இறங்கிய அந்த மர வீட்டைப் பார்க்க வந்தவர்கள், ஆளுக்கொரு சிராய் என்று பெயர்த்துக்கொண்டு போனார்கள். அங்கிருந்து கிடைத்த ஒரு மரத் துண்டில் ராக் இசைக் கலைஞர் ஒருவர் மின் கிட்டாரே செய்யவைத்தார். மிஞ்சிய சுவர்கள் இப்போது கிளார்க்ஸ்டேல் அருங்காட்சியகத்துக்குள், கூரைக்குக் கீழே இன்னொரு கூரையாக நிற்கின்றன.